ஐந்து நாளில் டாஸ்மேனியா: முழுத் தீவு வேண்டாம், கிழக்குப் பாதி போதும்

கேள்வி: மெல்பர்னின் தென்கிழக்குப் புறநகரில் இருக்கிறோம். கும்பகோணத்திலிருந்து மாமனார், மாமியார் வந்திருக்கிறார்கள். ஏப்ரல் பள்ளி விடுமுறையில் நாலு ராத்திரி, ஐந்து பகல் டாஸ்மேனியா போய்வரலாம் என்று யோசனை. என் கணவர் எக்செல்லில் ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறார். முதல் நாள் ஹோபார்ட், போர்ட் ஆர்தர். இரண்டாம் நாள் ஃப்ரேசினே, பே ஆஃப் ஃபயர்ஸ். மூன்றாம் நாள் லான்செஸ்டன் வழியாக கிரேடில் மலை. நான்காம் நாள் ஸ்ட்ரான். ஐந்தாம் நாள் ஹோபார்ட் திரும்பி விமானம். மாமனாருக்கு 71 வயது. நன்றாக நடப்பார், சரித்திரம் என்றால் உயிர். மாமியாருக்கு முழங்கால் வலி. முட்டைகூடச் சேர்க்காத சைவம். பையனுக்கு 9, பெண்ணுக்கு 4. வளைந்து வளைந்து போனால் பெண்ணுக்கு வாந்தி வந்துவிடும். வாம்பேட் என்ற குட்டைக்கால் விலங்கைப் பார்த்தே ஆக வேண்டும் என்று இரண்டும் அடம். மாமியாருக்குப் பனி பார்க்க ஆசை. இந்தப் பட்டியல் நடக்குமா? காரோடு கப்பலில் போவதா, விமானத்தில் போய் வாடகைக் கார் எடுப்பதா? சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

— ஒரு வாசகி, மெல்பர்ன்

பதில்: உங்கள் கணவரின் பட்டியல் நடக்கும். காருக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆறு பேரை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

தூரத்தைக் கூட்டிப் பார்த்தேன். போர்ட் ஆர்தர் போய்வருவதையும் சேர்த்தால் 1,200 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. மெல்பர்னிலிருந்து சிட்னிக்கு 900 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு என்பதை நினைத்துக்கொண்டு இதைப் பாருங்கள். அதுவும் அது நேர்ச்சாலை, இது மலைச்சாலை. வரைபடத்தில் ஆஸ்திரேலியாவின் தாடையில் வைத்த திருஷ்டிப் பொட்டு போலத் தெரிவதால் எல்லோருமே டாஸ்மேனியாவைச் சின்னதாக நினைத்துவிடுகிறார்கள். பரப்பில் அது இலங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. இலங்கையை ஐந்து நாளில் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறேன், கூடவே முழங்கால் வலிக்காரரும் நாலு வயதுக் குழந்தையும் என்று யாராவது சொன்னால் நீங்களே வேண்டாம் என்பீர்கள்.

பட்டியலில் இல்லாத ஒன்று வெளிச்சம். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கும் கோடைக் கடிகாரம் ஏப்ரல் முதல் ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. அதற்குப் பிறகு ஹோபார்ட்டில் மாலை ஆறு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். இருட்டினால் என்ன, விளக்குப் போட்டுக்கொண்டு ஓட்டலாமே என்று கணவர் கேட்பார். அந்தி சாய்ந்ததும் வாலபி, பேடிமெலன் என்ற சின்னக் கங்காரு வகைகள், மரமேறும் பாஸம் எல்லாம் சாலையோரத்துக்கு மேய வந்துவிடும். காலையில் எந்தச் சாலையில் போனாலும் ராத்திரி அடிபட்டவை கிடப்பதைப் பார்ப்பீர்கள். குழந்தைகளுக்கு அதற்கும் ஒரு பதில் தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள். நூறில் போகும் கார் முன்னால் ஒரு வாலபி குதித்தால் அதற்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. வாடகைக் கார் ஒப்பந்தங்கள் சிலவற்றில் இரவில் விலங்கு மோதினால் காப்பீடு கிடையாது என்றோ, அதிகப் பணம் உங்கள் பொறுப்பு என்றோ ஒரு வரி இருக்கும். மண்சாலையில் ஓட்டக் கூடாது என்றும் இருக்கும். கையெழுத்துப் போடுமுன் இந்த இரண்டையும் வாய்விட்டுக் கேளுங்கள். ஆகவே நான் போட்டுத் தரும் எந்தத் திட்டத்திலும் ஐந்து மணிக்குள் கார் வாசலில் நின்றாக வேண்டும். அப்படிப் பார்த்தால் உங்கள் கணவரின் இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அங்கேயே அடிபட்டுப் போகின்றன.

என் தீர்ப்பு: மேற்கை விட்டுவிடுங்கள். லான்செஸ்டனில் இறங்கி, கிழக்குக் கரையோரமாக வந்து, ஹோபார்ட்டிலிருந்து விமானம் ஏறுங்கள். படுக்கை இரண்டே இடத்தில்: கிழக்குக் கரைச் சிற்றூரான பிஷெனோவில் இரண்டு ராத்திரி, ஹோபார்ட்டில் இரண்டு ராத்திரி. தினம் ஒரு ஊரில் பெட்டியைத் திறந்து மூடுவதுதான் பெரியவர்களை அசத்தும் வேலை. நடப்பதோ உட்காருவதோ அல்ல.

மேற்கு மட்டம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் மாமனார் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ரயிலில் போயிருந்தால், மேற்கிலுள்ள குயின்ஸ்டவுனில் அவரை இறக்கிவிட எனக்கே ஆசை. தண்டவாளத்தின் நடுவில் பற்கள் வைத்து ரயிலை மேட்டில் ஏற்றும் அதே அப்ட் முறையில், 1890-களில் செப்புச் சுரங்கத்துக்காகப் போட்ட பாதை அங்கே இருக்கிறது. இப்போது சுற்றுலா ரயில் ஓடுகிறது. ஊரைச் சுற்றியுள்ள மலைகள் மொட்டையாக நிற்கும். செம்பு உருக்க மரத்தை வெட்டினார்கள், உருக்கிய புகை மிச்சத்தைக் கருக்கியது, பெய்த மழை மண்ணைக் கரைத்துக்கொண்டு போனது. மழையும் கொஞ்சநஞ்சமல்ல: ஹோபார்ட்டில் ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர்கூடப் பெய்வது சந்தேகம், குயின்ஸ்டவுனில் அதைப்போல நாலு மடங்கு. ஆனால் அந்த ஊருக்குள் இறங்கும் சாலையை உள்ளூரில் '99 வளைவுகள்' என்றே சொல்வார்கள். உங்கள் பெண் முதல் பத்திலேயே கையைத் தூக்கிவிடுவாள். ஸ்ட்ரானில் கார்டன் ஆற்றுப் படகுச் சவாரி அரை நாளுக்கு மேல் எடுக்கும். பட்டியலில் அதற்கு இடமே இல்லை. படகு ஏறாமல் ஸ்ட்ரான் வரை போவது காவிரியில் கால் நனைக்காமல் கும்பகோணம் போய்வருவதைவிட மோசம்.

இனி கப்பலா விமானமா. ஸ்பிரிட் ஆஃப் டாஸ்மேனியா கப்பல் 2022 அக்டோபரிலிருந்து போர்ட் மெல்பர்னிலிருந்து புறப்படுவதில்லை, ஜீலாங்கிலிருந்துதான். உங்கள் வீட்டிலிருந்து நகரத்தைக் கடந்து ஜீலாங் போகவே ஒன்றரை மணி நேரம். பிறகு பாஸ் நீரிணையில் சுமார் பத்து, பதினோரு மணி நேரப் பயணம். விடியலில் டெவன்போர்ட்டில் இறக்கிவிடும். தூங்கியும் தூங்காமலும் இருக்கும் கணவர், வாலபிகள் இன்னும் வீடு திரும்பாத வேளையில் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும். நீரிணை அடங்கிக் கிடக்கும் நாளும் உண்டு, ஆட்டிவைக்கும் நாளும் உண்டு. பத்து நாளுக்கு மேல் போகிறவர்களுக்கு, சொந்த வண்டியில் கூடாரம், சைக்கிள் எல்லாம் ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்குக் கப்பல் அருமை. நாலு ராத்திரிக்கு அது கட்டுப்படியாகாது. விமானத்தில் லான்செஸ்டன் ஒரு மணி நேரம்தான்.

ஓரிடத்தில் காரை எடுத்து இன்னோரிடத்தில் விட்டால் சில நிறுவனங்கள் தனிக் கட்டணம் போடும், சில போடாது, விசாரித்துவிட்டு எடுங்கள். அதைவிட முக்கியம் வண்டியின் அளவு. நீங்கள் ஆறு பேர். ஏழு இருக்கை எஸ்யூவி என்று எடுத்தால், மூன்றாம் வரிசையை நிமிர்த்திய பிறகு பின்னால் ஒரு ரைஸ் குக்கர் வைக்கத்தான் இடம் இருக்கும். ஆறு பேரின் பெட்டியும் மடியில்தான். கியா கார்னிவல் மாதிரி எட்டு இருக்கை வண்டி கிடைக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். விடுமுறையில் முதலில் தீர்ந்துபோவது அவைதான். மாமியார் ஏறி இறங்கவும் அது தாழ்வாக இருக்கும். குழந்தை இருக்கையை வாடகைக்கு எடுப்பதைவிட உங்களுடையதையே கொண்டுபோங்கள். பெரும்பாலான விமானங்களில் அதற்குத் தனிக் காசு கேட்பதில்லை.

முதல் நாள். காலை விமானத்தில் இறங்கி நேரே லான்செஸ்டன் ஊருக்குள் போங்கள். ஊரின் நடுவிலிருந்து நடக்கும் தூரத்திலேயே கேட்டராக்ட் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே 1972-இல் போட்ட தொங்கு நாற்காலிச் சவாரி. ஒரே வீச்சில் 308 மீட்டர், நடுவில் தூணே இல்லாமல் ஆற்றுக்கு மேலே போகும். குழந்தைகளின் விமான அலுப்பு அதில் தீரும். பெரியவர்கள் புல்வெளியில் உட்கார்ந்து மயில் பார்க்கலாம். ஆம், மயில்தான், பூங்காவில் உலாத்திக்கொண்டிருக்கும். பிறகு சூப்பர் மார்க்கெட்டில் இரண்டு நாள் மளிகை, பால், தயிர், காய்கறி, பழம் எல்லாம் வாங்கிவிடுங்கள். கிழக்குக் கரையில் இருப்பவை சின்னக் கடைகள்.

காய்கறியை அங்கே போய் வாங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டாஸ்மேனியாவுக்குள் பழம், காய்கறி, செடிகொடி எதுவும் பச்சையாகக் கொண்டுபோக முடியாது. உள்நாட்டு விமானம்தானே என்று நினைக்காதீர்கள். பைகள் வரும் இடத்தில் மோப்ப நாய் சுற்றிக்கொண்டிருக்கும். வாசனை பிடித்தால் பைக்கு அருகில் சமர்த்தாக உட்கார்ந்துவிடும், அவ்வளவுதான். பழ ஈ இல்லாத தீவு என்ற பெயரைக் காப்பாற்றிக்கொண்டால்தான் அவர்களுடைய செர்ரியும் ஆப்பிளும் வெளிநாட்டுச் சந்தைக்குப் போகும். 2018-இல் ஈ நுழைந்துவிட்டது. அதை ஒழித்துப் பழைய நிலைக்கு வர ஒரு வருஷம் பிடித்தது. ஆகவே கைப்பையில் மாமியார் ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கும் கறிவேப்பிலை, குழந்தை பாதி கடித்த ஆப்பிள், கோயில் பிரசாதம் என்று எடுத்துவைத்த வாழைப்பழம், எலுமிச்சை எல்லாவற்றையும் வீட்டிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, இட்லி மிளகாய்ப் பொடி போகலாம். சந்தேகம் இருந்தால் மறைக்காமல் எடுத்துக் காட்டிவிடுவதே நல்லது.

ஒரு மணிக்கு லான்செஸ்டனை விட்டால் முக்கால் மணி நேரத்தில் கேம்ப்பெல் டவுன். எல்லோரும் கழிப்பறைக்கு நிறுத்தும் ஊர். நீங்களும் அதற்குத்தான் நிறுத்துவீர்கள். ஆனால் மாமனாரை அங்கே தனியாக விட்டுவிடுங்கள். பிரதான சாலையின் நடைபாதையில் சிவப்புச் செங்கற்கள் வரிசையாகப் பதித்திருக்கும். ஒவ்வொரு கல்லிலும் ஒரு கைதி: பெயர், வயது, வந்த கப்பல், வந்த ஆண்டு, செய்த குற்றம், கிடைத்த தண்டனை. ஆடு திருடியதற்கும் துணி திருடியதற்கும் ஏழு வருஷம் என்று குனிந்து குனிந்து படித்துக்கொண்டே போவார். அரை மணி நேரத்துக்கு முன் வரமாட்டார். 1803-லிருந்து 1853 வரை சுமார் 75,000 பேரை பிரிட்டன் இந்தத் தீவுக்கு நாடு கடத்தியது. ஊரின் சிவப்புப் பாலமும் 1838-இல் அவர்கள் கட்டியதே. இன்றைக்கும் நெடுஞ்சாலை லாரிகள் அதன் மேல்தான் போகின்றன. போர்ட் ஆர்தருக்கு இதைவிட நல்ல முன்னுரை கிடையாது.

அங்கிருந்து லேக் லீக் சாலையில் திரும்பிக் கரைக்கு இறங்குங்கள். லான்செஸ்டனிலிருந்து ஸ்காட்ஸ்டேல் வழியாகக் கரைக்குப் போகும் பாதை அழகு என்று நண்பர்கள் சொல்வார்கள். அழகுதான், ஆனால் வளைவுகள் அதிகம். செயின்ட் மேரிஸ் பக்கத்து எலிஃபன்ட் பாஸும் அப்படியே. வாந்தி வரும் குழந்தைக்கு லேக் லீக் பாதையே தேவலை. வளைவே இல்லை என்று சொல்லமாட்டேன். மதியம் தயிர்சாதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கண்ணாடி வழியாக முன்னால் பார்க்கும்படி உட்கார வையுங்கள். கூகுள் நடுவில் ஏதாவது குறுக்குவழி காட்டினால் ஏற்காதீர்கள், அது மண்சாலையாக இருக்கலாம். பல இடங்களில் கைபேசிக்கு சிக்னல் இருக்காது. வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நாலரை மணிக்குப் பிஷெனோ.

பிஷெனோவில் சமையலறை உள்ள வீடாக எடுங்கள். சாப்பாட்டுக் கேள்விக்கு என் பதில் அதுதான். கரையோரச் சிற்றூர்களில் மீனும், கிரேஃபிஷ் என்ற கடல் இறாலும், ஸ்காலப் சிப்பி வைத்துச் சுட்ட 'பை' பலகாரமும் பிரமாதம். முட்டையும் ஆகாத சைவருக்கு மிஞ்சுவது உருளைக்கிழங்கு வறுவலும் சாலடும். ராத்திரி எட்டு மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள். ஹோபார்ட்டிலும் லான்செஸ்டனிலும் இந்திய உணவகங்கள் இருக்கின்றன. நடுவில் இருப்பதாக நம்பிப் போகாதீர்கள். சின்னக் குக்கர் ஒன்று, அரிசி, பொடி வகை. மாமியார் ஒருவேளை ரசம் வைத்துவிட்டால் பயணம் பாதி வெற்றி.

ஊரின் பாறைக்கரையில் ஒரு ஓட்டை வழியாகக் கடல் பீய்ச்சியடிக்கும். அலை பெரிதாக இருக்கும் நாளில் ஆளுயரத்துக்கு மேல் போகும். காசு கிடையாது, பத்தடி தள்ளி நிற்க வேண்டும். பாறைகளில் ஆரஞ்சு நிறத்தில் பாசிக்காளான் படர்ந்திருப்பதைக் கவனியுங்கள். பே ஆஃப் ஃபயர்ஸ் படங்களில் பார்த்து மயங்கும் நிறம் இதுதான். பலர் அந்த நிறத்துக்காகத்தான் அந்தப் பெயர் என்று நினைக்கிறார்கள். 1773-இல் கப்பலில் போன ஃபர்னோ என்ற ஆங்கிலேய மாலுமி, கரையில் பழங்குடி மக்கள் மூட்டியிருந்த நெருப்புகளைப் பார்த்துவிட்டு வைத்த பெயர் அது. அதற்காக வடக்கே இன்னும் ஒரு மணி நேரம் போய், ஒரு மணி நேரம் திரும்பி வர வேண்டாம். அதே கிரானைட், அதே வெள்ளை மணல், அதே நிறம் வாசலிலேயே இருக்கிறது. உங்கள் கணவர் படத்தை இங்கே எடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தால் முகநூலில் யாருக்கும் தெரியாது.

இருட்டிய பிறகு பென்குயின் பார்க்க வழிகாட்டியோடு கூட்டிப்போகும் சுற்றுலா உண்டு. உலகத்திலேயே சின்ன வகை. கடலிலிருந்து ஏறித் தத்தித் தத்திப் புதருக்குள் போகும். ஏப்ரலில் எண்ணிக்கை குறைவாக இருக்கலாம், முன்பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஊரை விட்டு ஓட்ட வேண்டியதில்லை என்பதால் என் ஐந்து மணிச் சட்டத்துக்கு இது விலக்கு.

இரண்டாம் நாள் முழுக்க ஃப்ரேசினே தேசியப் பூங்கா. பிஷெனோவிலிருந்து 40 கிலோமீட்டருக்கும் குறைவு. எட்டரை மணிக்கு வைன்கிளாஸ் விரிகுடா வாகன நிறுத்தத்தில் இருந்தால்தான் இடம் கிடைக்கும். விடுமுறையில் பத்து மணிக்கு வருபவர்கள் வட்டமடித்துக்கொண்டிருப்பார்கள். அங்கே குடும்பத்தை இரண்டாகப் பிரியுங்கள். கணவர், பையன், மாமனார் மூவரும் மேலே காட்சி முனைக்கு. போய்வர ஒன்றரை மணி நேரம். படிகள் நிறைய, மாமனார் நிதானமாக ஏறட்டும். கீழே கடற்கரை வரை இறங்கலாமா என்று மேலே போனதும் ஆசை வரும். இறங்கினால் திரும்ப ஏற வேண்டும், கீழே குடிதண்ணீர் கிடையாது, மொத்தம் மூன்று மணி நேரம் ஆகிவிடும். பார்த்த அழகு போதும் என்று திரும்பச் சொல்லுங்கள்.

நீங்களும் மாமியாரும் பெண்ணும் காரை எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே ஹனிமூன் விரிகுடாவுக்குப் போய் உட்காருங்கள். தண்ணீர் குளம் போல நிற்கும், எதிரில் ஹேசர்ட்ஸ் மலைகள் இளஞ்சிவப்பாக இருக்கும். பிறகு எல்லோருமாகக் கேப் டூர்வில் கலங்கரை விளக்கம். இதை மட்டும் தவறவிடாதீர்கள். சமதளமான நடைபாதை, சுற்றிவர இருபது நிமிஷம். பாறை விளிம்பில் நின்றால் கீழே கடல் கொந்தளிக்கும், தெற்கே வைன்கிளாஸ் விரிகுடாவின் ஓரமும் தெரியும். படியேறாமலே மாமியாரும் பார்த்துவிட்டார் என்று கணக்கு.

தேசியப் பூங்காக்களுக்கு நுழைவுச் சீட்டு வேண்டும். ஒரு காருக்கு என்று எடுக்கும் விடுமுறைச் சீட்டு எட்டுப் பேர் வரை செல்லும், இரண்டு மாதம் செல்லும். மூன்றாம் நாளுக்கும் அதுவே போதும்.

அந்த மூன்றாம் நாள்தான் உங்கள் குழந்தைகளின் நாள். கிரேடில் மலையை எடுத்துவிட்டால் வாம்பேட் போச்சே என்று இத்தனை நேரம் என்னைத் திட்டிக்கொண்டிருந்திருப்பீர்கள். பிஷெனோவிலிருந்து தெற்கே ஒன்றேகால் மணி நேரத்தில் ட்ரையபன்னா என்ற சின்னத் துறைமுகம். அங்கிருந்து படகில் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் மரையா தீவு. தீவில் கார் கிடையாது, கடை கிடையாது. படகுத்துறையிலிருந்து கால் மணி நேரம் நடந்தால் டார்லிங்டன்: கைதிகள் காலத்துக் கட்டடங்கள், நடுவில் பெரிய புல்வெளி, அதில் வாம்பேட்டுகள். கொழுகொழுவென்று, குட்டைக் காலோடு, தலையைத் தூக்காமல் மேய்ந்துகொண்டிருக்கும். பிற்பகல் ஆக ஆக இன்னும் வெளியே வரும். புல்லில் கனசதுரமாகச் சின்னச் சின்னக் கட்டிகள் கிடக்கும். வாம்பேட் சாணம் அப்படித்தான் இருக்கும். பையன் பள்ளியில் போய்ச் சொல்ல இது போதும். தொடவோ, துரத்தவோ, வழியை மறித்துப் படமெடுக்கவோ விடாதீர்கள். டாஸ்மேனியன் டெவில் என்ற கறுப்பு ஊனுண்ணி விலங்கும் இந்தத் தீவில் உண்டு. முகத்தில் புற்றுக்கட்டி வந்து அந்த இனமே அழிந்துகொண்டிருந்ததால், நோயில்லாத சிலவற்றை 2012-இல் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். பகலில் கண்ணில் படாது, எதிர்பார்ப்பை வளர்க்காதீர்கள்.

கிரேடிலில் ஒரு வாம்பேட்டைப் பார்க்க எத்தனை மணி நேரம் மலைப்பாதையில் போக வேண்டும் என்பதையும் இதையும் ஒப்பிட்டால் எனக்கு யோசனையே இல்லை. மாமனாருக்கு வேறு, டார்லிங்டன் யுனெஸ்கோ பட்டியலிட்ட பதினோரு ஆஸ்திரேலியக் கைதித் தலங்களில் ஒன்று.

கடை இல்லாத தீவு நமக்கு ஒரு கஷ்டமே இல்லை. புளியோதரை, தயிர்சாதம், வறுவல் என்று கட்டிக்கொண்டு போய்ப் புல்வெளியில் விரித்துவிடலாம். தண்ணீரும் கொண்டுபோங்கள், குப்பையைத் திரும்ப எடுத்து வர வேண்டும். படகு கொஞ்சம் ஆடும். பெண்ணுக்கு மருந்து கொடுப்பதானால் ஏறுவதற்கு முன்பே கொடுங்கள், ஏறிய பிறகு கொடுத்துப் பயனில்லை. மூன்று மணி வாக்கில் புறப்படும் படகில் திரும்பினால் ஹோபார்ட்டுக்கு ஒன்றேகால் மணி நேரம், வெளிச்சத்தோடு போய்ச் சேரலாம். காற்று பலமாக இருந்தால் படகை ரத்து செய்வார்கள். அன்றைக்கு ட்ரையபன்னாவில் நின்று வருத்தப்படாமல் நேரே வாருங்கள். ஹோபார்ட்டுக்கு வடக்கே பிரைட்டன் பக்கம் உள்ள பொனொராங் விலங்கு மறுவாழ்வு மையத்தில் வாம்பேட்டும் டெவிலும் இருக்கின்றன.

நான்காம் நாள் போர்ட் ஆர்தர். ஹோபார்ட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம். வழியில் ஈகிள்ஹாக் நெக்: தீபகற்பம் ஒரு கயிறு போலச் சுருங்கும் இடம். கைதிகள் தப்பி ஓடாமல் இருக்க அந்த மணல்திட்டின் குறுக்கே நாய்களைச் சங்கிலியில் வரிசையாகக் கட்டி வைத்தார்கள். பக்கத்திலேயே கடலோரப் பாறை, தளக்கல் பதித்ததுபோலச் சதுரம் சதுரமாக வெடித்துக் கிடக்கும். கீழே போகப் படி உண்டு, மாமியார் மேலிருந்தே பார்க்கலாம்.

போர்ட் ஆர்தர் 1830-இல் தொடங்கி 1877 வரை நடந்த சிறைக்குடியிருப்பு. சீட்டிலேயே துறைமுகப் படகுச் சவாரியும் சேர்ந்திருக்கும். இடம் பெரிது, மேடும் பள்ளமும். நடக்க முடியாதவர்களை ஏற்றிச்செல்லும் சிறு வண்டி பற்றி நுழைவிலேயே கேளுங்கள். மாமனாரைத் தனிமைச் சிறைக்குக் கட்டாயம் கூட்டிப்போங்கள். அடிப்பதை நிறுத்திவிட்டு மௌனத்தால் தண்டித்த கட்டடம் அது. வெளியே வரும்போது முகமூடி, பேசக் கூடாது. தேவாலயத்தில்கூட ஒவ்வொருவருக்கும் ஒரு மரத்தடுப்பு. பாதிரியாரைத் தவிர யாரையும் பார்க்க முடியாது. அந்தத் தடுப்புக்குள் ஒரு நிமிஷம் நின்றாலே போதும். எதிர்க்கரையில் பாயின்ட் பூவர் என்று சிறுவர்களுக்கென்றே ஒரு சிறை இருந்தது. ஒன்பது வயதுப் பையன்களும் அதில் இருந்தார்கள். உங்கள் மகனிடம் அதைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. இன்னொன்று: 1996 ஏப்ரல் 28-ஆம் தேதி இங்கே ஒருவன் சுட்டதில் 35 பேர் இறந்தார்கள். ஆஸ்திரேலியாவின் துப்பாக்கிச் சட்டம் மாறியது அதற்குப் பிறகுதான். நினைவுத் தோட்டம் இருக்கிறது, போய் நிற்கலாம். அதைப் பற்றி ஊழியர்களிடம் விசாரிக்க வேண்டாம். அவர்களில் பலருக்கு அது வீட்டுச் சாவு.

மூன்று மணிக்குப் புறப்பட்டுவிடுங்கள்.

ஐந்தாம் நாளை மாமியாருக்கு வைத்திருக்கிறேன். ஹோபார்ட்டின் பின்னால் நிற்கும் வெலிங்டன் மலை, பழங்குடிப் பெயரில் குனன்யி, 1,271 மீட்டர். உச்சி வரை தார்ச்சாலை; கார் கதவைத் திறந்தால் உச்சி. ஊரைவிடப் பத்து டிகிரி குறைவாக இருக்கும், காற்று ஆளைத் தள்ளும். சால்வை பத்தாது, கம்பளிக் கோட்டு வேண்டும். ஏப்ரலில் பனி இருக்குமா? இருந்தால் அதிர்ஷ்டம், ஆனால் பனி கொட்டினால் சாலையை மூடிவிடுவார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பனிக்காக யாரும் ஏப்ரலில் டாஸ்மேனியா போகக் கூடாது. அவர் ஜூலை வரை இருந்தால் உங்கள் வீட்டிலிருந்து லேக் மவுன்டன் என்ற பனிமலைக்கு ஒரே நாளில் போய்வரலாம். விமானச் சீட்டே வேண்டாம்.

மாலை விமானமானால் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் சற்று விலகி ரிச்மண்ட். 1823–25-இல் கைதிகள் கட்டிய கல்பாலம். ஆஸ்திரேலியாவில் இன்றும் பயன்பாட்டில் உள்ள பாலங்களில் மிகப் பழையது. கீழே வாத்துகள். அன்று சனிக்கிழமையாக இருந்தால் இதை விட்டுவிட்டுச் சலமாங்கா சந்தைக்குப் போங்கள். மோனா அருங்காட்சியகத்தை எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். நல்ல இடம்தான், மாமியாரோடு போகும் இடமில்லை. காரணத்தை அதன் இணையதளத்தில் அவர் பக்கத்தில் இல்லாதபோது பாருங்கள்.

கணவர் சமாதானமாகவில்லை என்றால் இதையும் காட்டுங்கள். கிரேடில், ஸ்ட்ரான் சேர்த்து முழுச் சுற்று வேண்டுமானால் ஒன்பது ராத்திரி: கிரேடிலில் இரண்டு, ஸ்ட்ரானில் இரண்டு, ஹோபார்ட்டில் மூன்று, பிஷெனோவில் இரண்டு. அப்போது கப்பலில் சொந்தக் காரிலேயே போகலாம். கிரேடிலுக்கு ஏப்ரல் கடைசி வாரமாகப் பாருங்கள். ஃபாகஸ் என்ற மரம் அப்போதுதான் மஞ்சளும் சிவப்புமாக மாறும். டவ் ஏரியைச் சுற்றி 6 கிலோமீட்டர் நடை, இரண்டு மூன்று மணி நேரம். ஏரி வரை பகலில் உங்கள் காரை விடமாட்டார்கள், பார்வையாளர் மையத்திலிருந்து பேருந்துதான். உங்கள் பெண்ணுக்கு ஆறேழு வயதாகும்வரை அதைத் தள்ளிப்போடலாம். இப்போதைக்குப் பிஷெனோ வீட்டையும் எட்டு இருக்கைக் காரையும் மரையா படகையும் இந்த வாரமே பதிவு செய்துவிடுங்கள், அந்த வரிசையிலேயே.